பம்பாயின் இரவு யாருக்கு?

அந்த ஊர் தூங்குவதே இல்லை! பம்பாய் போய்த் திரும்பியவர் எவராயினும் முதலில் சொல்வது இதுதான். 1995இல் ஊரின் பெயரை மும்பை என்று மாற்றிவிட்டனர். நமது தொழிலாளர் வாயில் அது இன்னமும் பம்பாய்தான், ஆகவே நாமும் அப்படியே எழுதுகிறோம். கடலோரத்தில் வளைந்து கிடக்கும் விளக்கு வரிசையை வியந்து வியந்து பேசுவர். அதற்கு ‘ராணியின் கழுத்தணி’ என்று பெயர் — ராணியும் போய், ராஜ்யமும் போய், கழுத்தணி மட்டும் மிச்சம்! நாடகம் உண்டு, நாட்டியம் உண்டு, மேனாட்டு இசை உண்டு, நடுநிசிக்குப் பிறகும் சுடச்சுடப் பாவ்–பாஜி உண்டு என்று அடுக்குவர். கேட்கக் கேட்க நமக்கும் ஆசை பிறக்கும்.

ஆசை பிறப்பதில் தவறில்லை. தூங்காத ஊர் தமிழனுக்குப் புதிதும் அல்ல. மதுரையின் அல்லங்காடியை, இரவு நேரக் கடைவீதியை, மதுரைக்காஞ்சி பாடி ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது. இன்றும் அந்த ஊரைத் தூங்கா நகரம் என்றுதான் அழைக்கிறோம். நாம் கேட்க விரும்புவது வேறொன்று. ஒரு பெரிய பட்டணம் இரவெல்லாம் விழித்திருக்கிறது என்றால், அங்கே விழித்திருப்பவர் யார்? நாற்காலியில் சாய்ந்து ஆடலைப் பார்ப்பவரா, அந்த நாற்காலியைத் துடைத்துப் போடுபவரா? மேடையில் ஆடுகிறவள் யார் வீட்டுப் பெண்? ஆட்டம் முடிந்ததும் எந்த வண்டி பிடித்து எந்தப் பேட்டைக்குத் திரும்புகிறாள்?

கேளிக்கையைப் பற்றிப் பாட்டாளிக்கு என்ன பேச்சு, கூலியைப் பற்றிப் பேசுங்கள் என்று முகம் சுளிக்கும் தோழர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் 1817லேயே கேட்டார். பொழுதுபோக்கை அவர் வேலைக்கும் உறக்கத்துக்கும் சரிசமமாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். மே நாள் ஊர்வலத்தில் முதல் எட்டை முழங்குகிறோம். மூன்றாவது எட்டு, உடம்பு களைத்துத் தானே வந்துவிடுகிறது. நடுவிலே இருக்கிற எட்டு எங்கே போயிற்று? யார் கொண்டு போனார்கள்? பம்பாயின் ஆலை வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு விடை கிடக்கிறது.

1850களில் அங்கே முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கிற்று. பிறகு பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா, நாய்காவ் என்று புகைபோக்கிகள் பனங்காடுபோல முளைத்தன. அந்த வட்டாரம் முழுவதற்குமே கிரண்காவ் என்று மராட்டியர் பெயரிட்டனர். கிர்ணி என்றால் ஆலை, காவ் என்றால் ஊர். ஆலையூர்! கொங்கணக் கடற்கரையிலிருந்தும், சாத்தாரா போன்ற மலையோர மாவட்டங்களிலிருந்தும் ஆயிரமாயிரமாக ஆட்கள் வந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் பாதிக்கு மேல். ‘சால்’ எனப்படும் வரிசை வீடுகளில் ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து பேர். பகல் ஷிப்டுக்காரன் சுருட்டி வைத்த பாயை விரித்து இரவு ஷிப்டுக்காரன் படுப்பான். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொங்கிப் போடும் ‘கானாவல்’ சாப்பாட்டுக்கு மாதக் கணக்கு.

அப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்து எவன் பொழுது போக்குவான்? ஆகவே தெருவே திண்ணையாயிற்று, முற்றமே மேடையாயிற்று. சங்கு ஊதி ஆலை விட்டதும் ஒரு மூலையில் பஜனைக் கூட்டம் தாளம் தட்டும். இன்னொரு மூலையில் கொங்கணத்தாரின் தசாவதாரக் கூத்து நடக்கும். ‘சக்தி–துரா’ என்றொரு போட்டிப் பாட்டு. சக்தியே பெரிது என்று ஒரு கட்சி, சிவமே பெரிது என்று எதிர்க்கட்சி. கேள்வியைப் பாட்டில் போடுவான் ஒருவன், பதிலைப் பாட்டில் பிடிப்பான் மற்றவன். தஞ்சைத் தோழர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய டேப்பு அடித்துப் பாடும் லாவணி நம் பக்கத்திலும் உண்டன்றோ? மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் அவர்களோடு வந்து சேர்ந்த சரக்கு அது. அரசர் கொண்டு வந்ததை உழவர் எடுத்துக்கொண்டனர்!

இவற்றுக்கெல்லாம் ராஜாவாக இருந்தது தமாஷா. பெயரைக் கேட்டு வெறும் வேடிக்கை என்று எண்ண வேண்டாம். டோல்கி என்னும் சிறு மத்தளம், ஹல்கி என்னும் பறை, ஒற்றைக் கம்பித் துந்துணா, சலங்கை — இவ்வளவே முதலீடு. முதலில் கணபதி துதி. அடுத்துக் கண்ணனும் இடைச்சியரும் வரும் கேலிக் காட்சி. பிறகு லாவணி. கடைசியில் ‘வக்’ என்னும் நாடகம். நமது தெருக்கூத்துக் கட்டியங்காரனைப் போல அங்கே ‘சோங்காட்யா’ என்றொரு கோமாளி. ராஜாவையும் திட்டுவான், பட்டேலையும் திட்டுவான், வட்டிக்கடைக்காரனைப் பெயர் சொல்லாமல் சொல்லித் திட்டுவான். பகலெல்லாம் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியவன் இரவிலே அதைக் கேட்டுக் கைதட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை விலை மதிக்க முடியுமா? லால்பாகில் அனுமான் தியேட்டர் என்று தமாஷாவுக்கென்றே ஒரு கொட்டகை இருந்தது. ஆலைத் தொழிலாளியின் சம்பள நாள்தான் அதற்குத் திருவிழா நாள்.

ஆடியவர் யார்? மகார், மாங், கோலாட்டி என்று ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியார். அவர்கள் பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும், தொட்டால் மட்டும் தீட்டு! இந்த முரணை உடைத்தவர் ஒருவர் உண்டு. ஸ்ரீதர் கிருஷ்ணாஜி குல்கர்ணி என்னும் பார்ப்பனர். பூணூலோடு பிறந்தும், தமாஷாவின் மீது கொண்ட காதலால் பட்டே பாபுராவ் ஆனார். மகார் குலத்து ஆடலரசி பவளாவோடு ஒரே மேடையில் நின்றார். சொந்த சாதி அவரைத் துரத்தியது. பம்பாய்த் தொழிலாளி தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் என்ன, 1945இல் அவர் மாண்டது வறுமையில்தான். கலைஞனைக் கொண்டாடத் தெரிந்த ஊருக்கு அவனுக்குச் சோறு போடத் தெரியவில்லை. இந்த நோய் பம்பாய்க்கு மட்டும் உரியதல்ல என்பதை நாடகக்காரர் வாழ்வை அறிந்த நமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அண்ணாபாவு சாட்டேயின் பெயரை நம் தோழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1920இல், மாங் குலத்தில், வாட்டேகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டு நாள் கூட முழுதாக இல்லை. பிழைப்புத் தேடி ஊரிலிருந்து பம்பாய்க்கு நடந்தே வந்தது அந்தக் குடும்பம். ஆலையில் வேலை செய்தார், கூலி வேலை பார்த்தார், சேரியில் குடியிருந்தார், எழுத்தைத் தாமே கற்றார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் என்னும் இரு தோழர்களோடு ‘லால் பாவ்டா கலாபதக்’ — செங்கொடிக் கலைக்குழு — அமைத்தார். ஷாகிர் என்று அங்கே அழைக்கப்படும் மக்கட் பாடகர்கள் இவர்கள். அமர் ஷேக்கின் குரல் ஒலிபெருக்கியை நாணச் செய்யும் என்பர்.

அண்ணாபாவு தமாஷாவை என்ன செய்தார் தெரியுமா? தூக்கி எறியவில்லை. உள்ளே புகுந்து மாற்றினார். தொடக்கத்தில் வரும் கணபதி துதியை எடுத்துவிட்டுத் தாய்மண்ணுக்கு வணக்கம் வைத்தார். இடைச்சியர் சரசத்தை நீக்கினார். கோமாளியின் வாயில் வேலைநிறுத்தத்தையும் கள்ளச் சந்தையையும் வைத்தார். ‘மும்பை லாவணி’ என்று அவர் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. பெண்ணின் கண்ணழகைப் பாடி வந்த லாவணி மெட்டில், மலபார் குன்றின் மாளிகை வாழ்வையும் பரேல் தொழிலாளியின் பாடுகளையும் அருகருகே நிறுத்திக் காட்டிவிட்டார். பட்டணத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கின்றனர். பட்டணத்தைக் கட்டியவன் எழுதியது அது.

அதிகாரம் சும்மா இருக்குமா? நாடு விடுதலை பெற்ற சில காலத்துக்குள்ளாகவே பம்பாய் அரசு தமாஷாவுக்குத் தடை போட்டது. ஆபாசமாம்! பிறகு தணிக்கை என்னும் கயிற்றைக் கழுத்தில் கட்டி அனுமதித்தது. அண்ணாபாவுவோ தம் ஆட்டத்துக்கு ‘லோகநாட்டியம்’, மக்கள் நாடகம், என்று பெயரை மாற்றி மறுபடி மேடை ஏறினார். தமாஷா என்றால் குற்றம், லோகநாட்டியம் என்றால் கலை! சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு சொல் போதுமாயிருந்தது. சம்யுக்த மகாராட்டிரக் கிளர்ச்சியில் இந்த ஷாகிர்கள் பாடிய பாட்டுக்குக் கூடிய கூட்டம் தலைவர்களின் பேச்சுக்குக் கூடிய கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. 1960 மே 1ஆம் நாள் பிறந்த மாநிலத்துக்குத் தாலாட்டுப் பாடியவர்கள் அவர்கள். 1969இல் அண்ணாபாவு மறைந்தார், ஓர் எளிய குடியிருப்பில்.

இது வடக்கே ஆலையூரின் இரவு. அதே காலத்தில் தெற்கே, கடலோரத்து ஓட்டல்களில் வேறோர் இரவு நடந்தது. 1935இல் லியோன் ஆபி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு தாஜ்மகால் ஓட்டலுக்கு ஜாஸ் வாசிக்க வந்தார். மகாராஜாக்களும் ஆலை முதலாளிகளும் துரைமாரும் துரைசானிகளும் கைகோத்து ஆடினர். வெளிநாட்டார் வருவர், போவர். இரவுக்கு இரவு நின்று வாசித்தவர் யார் என்றால், கோவாக்காரர்கள். போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவில் மாதாகோயில் பள்ளியிலேயே வயலினும் சுரக் குறிப்பும் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வித்தையோடு பிள்ளைகள் பம்பாய் ஏறி வந்தனர். தோபித் தலாவ் பக்கம் ‘கூட்’ என்னும் விடுதிகள். ஊருக்கு ஒரு விடுதி, ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, சுவரோரம் ஒரு பாய், நடுவே ஒரு பீடம். மாலையில் வெள்ளைக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து ஓட்டலுக்குப் போவர். பகலில் சினிமாக் கம்பெனிக்குப் போவர்.

நம் வீட்டுப் பிள்ளைகள் முணுமுணுக்கும் பழைய இந்திப் பாட்டுகளில் பின்னணி வாத்தியத்துக்குச் சுரம் எழுதிக் கொடுத்தவர் பலர் இந்தக் கோவாக்காரர்களே. சுவரொட்டியில் அவர்கள் பெயர் இராது. ஒருவருக்கு மட்டும் விந்தையாகப் பெயர் கிடைத்தது. அந்தோணி கொன்சால்வெஸ் என்னும் வயலின் ஆசிரியர். அவரிடம் பாடம் கேட்ட பியாரிலால் பிற்காலத்தில் பெரிய இசையமைப்பாளர் ஆனார். 1977இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தின் கதாநாயகர்களுள் ஒருவருக்கு அந்தப் பெயரே வைக்கப்பட்டது. நாடு முழுவதும் பாடிற்று. அப்படி ஓர் ஆள் உண்மையில் இருந்தார், பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்மவரையும் விட்டுவிடவில்லை பம்பாய். மாட்டுங்காவில் அலுவலக உத்தியோகத்துக்குப் போன தென்னாட்டார் 1952இல் சண்முகானந்த சபாவை அமைத்து, 1963இல் மாபெரும் மண்டபம் எழுப்பினர். 1990இல் அது தீப்பற்றி எரிந்தது. விடாமல் முயன்று 1998இல் திறந்தனர். பாராட்ட வேண்டிய முயற்சி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன நம் தோழர்களின் இரண்டு மூன்று தலைமுறை அங்கே வாழ்கிறது. அவர்களுக்குச் சபா டிக்கெட் எட்டியதா என்று கேட்டால், எட்டியவர் மிகச் சிலரே. பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானை வைத்துக் குலவையிட்டு ஆடுவது அவர்கள் தாமே அமைத்துக்கொண்ட விழா. ஒரே மொழி, ஒரே ஊர், இரண்டு இரவு!

இனி, ஆலையூரின் இரவு அணைந்த கதைக்கு வருவோம்.

1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஊதிய உயர்வு ஒரு கோரிக்கை. அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கம்தான் பேசலாம் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட பூட்டை உடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. மாதங்கள் கடந்தன, ஆண்டு கடந்தது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறைப்படி எவரும் அறிவிக்கவே இல்லை. முதலாளிகள் காத்திருந்தனர்; அவர்களால் காத்திருக்க முடியும். தொழிலாளி பாத்திரத்தை விற்றான், பிறகு ஊருக்குப் போனான். பலர் திரும்பவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1997 ஜனவரியில் சாமந்த் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கூலி போயிற்று என்று மட்டும் இதை எழுதி வைத்திருக்கின்றனர். கூலியோடு கொட்டகையும் போயிற்று. சம்பள நாள் இல்லாத ஊரில் தமாஷாவுக்கு ஏது சம்பள நாள் கூட்டம்? சக்தி–துரா பாடியவன் கொங்கணத்தில் வயல் வரப்பில் நின்றான். அனுமான் தியேட்டரின் ஆட்டமும் நின்றது. தாமோதர் அரங்கம் என்று பரேலில் ஒன்று. 1922இல், தொழிலாளர் நலம் பேணிய சமூக சேவைச் சங்கத்தின் வளாகத்தில் எழுந்தது. ஆலைத் தொழிலாளர் நாடகம் போடவும் பார்க்கவும் அதுவே புகலிடம். நூறாண்டு கடந்த அதையும் 2023இல், புதுக் கட்டடம் எழுப்பப் போகிறோம் என்று மூடினர். நாடகக் கலைஞர்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டினர்.

நிலம் என்ன ஆயிற்று? கவனமாகக் கேளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஐம்பத்தெட்டு ஆலைகளின் நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர், பட்டணத்தின் நட்டநடுவே. 1991இல் ஒரு விதி செய்தனர். ஆலை நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்புவதானால் மூன்றில் ஒரு பங்கு ஊருக்குப் பூங்காவாகவும் திடலாகவும் விட வேண்டும், மூன்றில் ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கு, மீதி உடைமையாளருக்கு. நல்ல விதி! அப்படியே நிறைவேறியிருந்தால், இருநூறு ஏக்கர் திடலில் எத்தனை மேடை போட்டிருக்கலாம்! 2001இல் அந்த விதியில் ஒரு சிறு திருத்தம். முழு நிலத்தில் அல்லவாம், கட்டடம் ஏதும் இல்லாத காலி இடத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்காம். ஆலை நிலத்தில் ஆலைதானே நிற்கும், காலி இடம் எவ்வளவு இருக்கும்? வழக்குப் போட்டனர். 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. வீட்டுக்கு மனுப் போட்ட பழைய தொழிலாளரில் மிகச் சிறு பகுதிக்கே வீடு கிடைத்திருக்கிறது. மற்றவர் குலுக்கலுக்குக் காத்திருக்கின்றனர்.

மீதி நிலத்தில் எழுந்தன வணிக மாளிகைகள், அலுவலகக் கோபுரங்கள், மதுக்கூடங்கள், இசை அதிரும் ஆடற்கூடங்கள். புகைபோக்கியை இடிக்காமல் அழகுக்கு வைத்திருக்கும் இடங்களும் உண்டு! தறி ஓடிய கூடத்திலே இன்று மேல்நாட்டு இசை. தறி ஓட்டியவன் பேரன் வாசலில் காவல் சட்டையோடு நிற்கிறான். இளைஞர் ஆடிப் பாடுவதை நாம் வெறுக்கவில்லை. அலுவலகத்தில் பன்னிரண்டு மணி நேரம் கணிப்பொறி முன் குனிந்த பிள்ளைகளுக்கும் களைப்பு உண்டு, கேளிக்கை வேண்டும். அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதுகூட முதலாளிகளுக்குப் பொருட்டில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு கடந்த சில நிமிடம். கமலா மில் வளாகத்து மொட்டைமாடி மதுக்கூடத்தில் தீ. பதினான்கு உயிர்கள் கருகின, மூச்சு முட்டின. சரியாக மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 29 காலையில், அதே வட்டாரத்து எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் நெரிசல். 23 பேர் மாண்டனர். ஆலைக் காலத்து ஏற்பாட்டின் மேல் கோபுரக் காலத்துக் கூட்டத்தை ஏற்றிவிட்டு, பாலத்தை அகலப்படுத்த மறந்தனர். அதற்குள் இருந்த பணம் எல்லாம் கண்ணாடிச் சுவருக்குப் போய்விட்டது போலும்!

இரவைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பம்பாயிலும் சுற்றுப்புறத்திலும் ‘டான்ஸ் பார்’ எனப்பட்ட மதுக்கூடங்களில் பெண்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடி வந்தனர். கூத்தாடிப் பிழைத்த பழைய சாதிகளைச் சேர்ந்தோர் அவர்களில் பலர். 2005 ஆகஸ்டில் மகாராட்டிர அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. ஒழுக்கம் கெடுகிறதாம், குடும்பம் அழிகிறதாம். மாநிலம் முழுவதும் 75,000 பெண்கள் பிழைப்பிழந்தனர் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த மதுக்கூடங்கள் சொர்க்கம் என்று நாம் சொல்ல மாட்டோம். அங்கே தரகர் உண்டு, மிரட்டல் உண்டு, மாமூல் உண்டு. ஆயின் சட்டத்தின் அடுத்த வரியைப் படியுங்கள். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற்ற ஓட்டல்களுக்கும், ஜிம்கானாக்களுக்கும் விலக்கு! ஓட்டலின் வாசலில் மூன்று நட்சத்திரம் ஒட்டியிருந்தால் ஆட்டம் கலையாகும், ஒட்டாவிட்டால் ஆபாசமாகும். தமாஷா என்றால் குற்றம், லோகநாட்டியம் என்றால் கலை என்ற அந்தப் பழைய கணக்கு நினைவுக்கு வருகிறதா?

உயர் நீதிமன்றம் 2006இல் அந்தத் தடையைச் செல்லாது என்றது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒரே ஆட்டம் நட்சத்திர ஓட்டலில் நல்லதாகவும் மற்ற இடத்தில் கெட்டதாகவும் எப்படி ஆகும் என்பதே கேள்வியின் சாரம். தடையால் வேலை இழந்த பெண்களில் சிலர் இன்னும் கொடிய பிழைப்புக்குத் தள்ளப்பட்டனர் என்பதும் தீர்ப்பில் பேசப்பட்டது. அரசு விட்டதா? 2014இல் மறு சட்டம், 2016இல் புதுச் சட்டம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதன் கடும் நிபந்தனைகளில் பலவற்றை நீக்கி, மாலை ஆறு முதல் இரவு பதினொன்றரை வரை ஆடலாம் என்றது. பதினான்கு ஆண்டு வழக்கு! அந்தப் பெண்களில் எத்தனை பேர் அதற்குள் ஊர் மாறி, தொழில் மாறி, வயது கடந்து போயிருப்பர்?

ஏழை ஆடினால் வழக்கு, ஏழை பார்த்தால் ஒழுக்கக் கேடு. பணக்காரன் பார்த்தால் அதற்குப் பெயர் நகரப் பண்பாடு. அரசே கம்பளம் விரிக்கும். 2020 ஜனவரியில் பம்பாயில் குடியிருப்பல்லாத பகுதிகளில் கடைகளும் உணவுச் சாலைகளும் வணிக மாளிகைகளும் இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்று அமைச்சரவை முடிவு செய்தது. வேலைவாய்ப்புப் பெருகும் என்றனர். பெருகட்டும், நாம் எதிர்க்கவில்லை. இரவுக் கூலி என்ன, மூன்றாவது ஷிப்டுக்கு ஆள் தனியாக உண்டா, அல்லது பகலில் நின்ற அதே கால்கள்தான் இரவிலும் நிற்க வேண்டுமா? வேலை முடித்த பெண் எதிலே வீடு போவாள்? பம்பாய்த் தொழிற்சங்கத் தோழர்கள் பேச்சு மேசையில் முதலில் வைக்க வேண்டியவை இவை. அவற்றோடு இன்னொன்றையும் வைக்கலாம்: இடிக்கப்படும் ஒவ்வொரு பழைய அரங்கத்துக்கும் பதிலாக, அதே பேட்டையில், அதே வாடகைக்கு ஓர் அரங்கம்.

எல்லாம் போய்விட்டது என்று ஒப்பாரி வைக்கவும் நாம் தயாரில்லை. தொழிலாளர் நல வாரியம் என்று 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஓர் அமைப்பு அங்கே உண்டு. அது நடத்தும் நாடகப் போட்டிகளில் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகை பார்த்தவர்கள் மேடை ஏறுகின்றனர். லால்பாக் பிள்ளையார் விழாவுக்கு இன்றும் பந்தல் எழுகிறது. பக்தி எப்படியாயினும், பந்தலோரத்து மேடையில் டோல்கி அடிப்பவன் ஆலையூர்ப் பேரன். அண்ணாபாவுவின் பாட்டுகள் அவர் பிறந்தநாளான ஆகஸ்டு முதல் தேதி சேரிகளில் இன்றும் ஒலிக்கின்றன. மேடைக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்கு நடப்பதும், ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு நிறுத்துவதும் அவர்கள் வழக்கம். நட்சத்திர ஓட்டலின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்நேரம் அப்போதுதான் கச்சேரி சூடு பிடித்திருக்கும்.

பழைய ஆலை வளாகங்களின் மதுக்கூடங்கள் இரவு ஒன்றரை மணிக்கு மூடுகின்றன. கடைசி உள்ளூர் ரயில் அதற்குச் சற்று முன்பே போய்விடுகிறது. வாடிக்கையாளர்கள் காரில் ஏறுகின்றனர். தட்டுக் கழுவியவர், மேசை துடைத்தவர், வாசலில் நின்றவர், மேடையில் வாசித்தவர் ஆகியோருக்கு அடுத்த வண்டி நாலு மணிக்கு மேல்தான். அதுவரை நிலையத்து வாசலில் காத்திருக்கின்றனர்.